பளபளப்பு வேறு, பராமரிப்பு வேறு



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய அன்றே நம் வகுப்பில் பாதிப் பேர் கவிதைக்கும், மீதிப் பேர் 'நாளைய இந்தியா இளைஞர் கையில்' என்ற தலைப்புக்கும் பேனா மூடியைத் திறந்துவிட்டார்கள். எனக்கு இரண்டும் வராது. நான் எழுதப்போவது ஒரு படகின் தேக்குப் பலகையைப் பற்றி. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று போய் நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைப் பற்றி. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம் ஒர்க் ஷாப்புக்கும் வரப்போகிறேன். அப்போது சிரிப்பு வராது.

என் தாத்தா தூத்துக்குடியில் ஓடாவி. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டுக்கு ஆசாரி எப்படியோ, தோணிக்கும் படகுக்கும் ஓடாவி அப்படி. ஏரா, வங்கு, அணியம் என்று அவர் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதி புரியாது. தோணி கட்டும் வேலை குறைந்துபோன பிறகு அவருக்குக் கிடைப்பதெல்லாம் பழுது பார்க்கும் வேலைதான்.

போன மே மாத விடுமுறையில் அப்படி ஒரு வேலை வந்தது. ஒரு முதலாளியின் பழைய மோட்டார் படகு. 32 அடி நீளம். மேல்தட்டு, கைப்பிடிச் சட்டம், கேபின் கதவு எல்லாம் தேக்கு. நாலைந்து வருடம் கவனிப்பார் இல்லாமல் கிடந்ததில் மேல்தட்டு சாம்பல் நிறமாகி, நிழல் விழும் மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. கைப்பிடியில் யாரோ எப்போதோ போட்ட எண்ணெய் பிசினாகித் தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. அழுக்கெடுத்து எண்ணெய் போட்டுக் கொடுக்க வேண்டும். பதினைந்து நாள் வேலை, கூலி பேசியாகிவிட்டது. நான் தாத்தாவுக்குக் கையாள்.

மூன்றாம் நாள் தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வந்துவிட்டது. போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்: "ஏல, நான் வர்ற வரைக்கும் சோப்புத் தண்ணி, மெது பிரஷ். அவ்வளவுதான். குறுக்க தேய்க்கணும், நெடுக்க தேய்க்காத. வேற ஒண்ணும் செய்யாத."

நான் யார்? மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டு வருடம் முடித்தவன்! எட்டாம் வகுப்பு தாண்டாத தாத்தா எனக்குத் தேய்க்கச் சொல்லித் தருவதா? பதினைந்து நாள் வேலையை இரண்டே நாளில் முடித்து, கண்கட்டோடு வரும் தாத்தாவை அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஹார்டுவேர் கடையில் காஸ்டிக் சோடா வாங்கினேன். பைக் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் நண்பனிடம் பிரஷர் பம்ப் இரவல். கம்பி பிரஷ் வீட்டிலேயே இருந்தது. தெரிந்த பட்டறையில் சாண்டர் மெஷினும் 60-ஆம் நம்பர் உப்புத்தாளும் கிடைத்தது. படையெடுப்புக்கு எல்லாம் ரெடி!

முதல் நாள் காஸ்டிக் கரைசலை ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து, பிரஷர் தண்ணீர் அடித்தேன். கறுப்புக் கறுப்பாக ஓடியது. அதெல்லாம் அழுக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் வெயிலில் காய்ந்ததும் சாண்டர் ஓட்டினேன். மத்தியானத்துக்குள் மேல்தட்டு தங்கத் தகடு போல ஆகிவிட்டது. சாயங்காலமே 'டீக் ஆயில்' என்று விற்கும் எண்ணெயைக் கனமாக மூன்று கோட் அடித்தேன். போட்டோ எடுத்து வகுப்பு நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். நீங்களும் பார்த்து 'சூப்பர் மச்சி' என்று போட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

தங்கம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் காயாமல் பிசுபிசுத்து, துறைமுகத்துத் தூசி முழுவதையும் வாரி ஒட்டிக்கொண்டது. பலகை முழுக்க மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். காலை வைத்தால் வரி வரியாக மேடு பள்ளம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோடை மழை பெய்தது. பலகை இடுக்குகள் வழியே தண்ணீர் கேபினுக்குள் சொட்டி மெத்தை நனைந்துவிட்டது. அதுவரை ஒழுகாத படகு!

முதலாளி என்னைத் திட்டவில்லை. தாத்தாவைத்தான் திட்டினார். "உங்களை நம்பித்தானய்யா குடுத்தேன்" என்றார். பேசிய கூலியில் பாதிதான் தருவேன், கெட்டதையெல்லாம் சரி செய்து தர வேண்டும் என்றார். தாத்தா சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இரண்டு அடி அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த இருபது நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்த ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், காரணம் எல்லாம் நாம் படித்து மார்க் வாங்கிய பாடத்திலேயே இருக்கிறது.

முதலில் அந்தச் சாம்பல் நிறம். அது நோய் அல்ல, நண்பர்களே. மரத்தின் நார்களை ஒட்டி வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சிய நார் சாம்பலாகத் தெரிகிறது. அது மேற்பரப்பில் மெல்லிய ஒரு படலம் மட்டுமே. அடியில் மரம் அப்படியே இருக்கும். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையான எண்ணெய்ப் பசையும், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடிக்காத வேதிப்பொருள்களும், கொஞ்சம் சிலிக்காவும் உண்டு. தேக்கை இழைக்கும்போது உளியும் இழைப்புளியும் சீக்கிரம் முனை மழுங்குவது இந்தச் சிலிக்காவால்தான். அந்த மரத்தை நான் 'காப்பாற்ற' வேண்டிய அவசியமே இல்லை. என்னிடமிருந்துதான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது, காஸ்டிக் சோடா. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு. முதலாம் ஆண்டு வேதியியலில் எழுதியிருக்கிறோம். பலகைகளுக்கு நடுவே இடுக்கில் பஞ்சுத் திரியைச் செலுத்தி, மேலே எண்ணெயில் பிசைந்த மக்கு வைத்து அடைத்திருப்பார்கள். இதைக் கலப்பத்து அடிப்பது என்று சொல்வார்கள். நான் ஊற்றிய காஸ்டிக் அந்த மக்கில் இருந்த எண்ணெயைச் சோப்பாக்கிவிட்டது. பிரஷர் பம்ப் அந்தச் சோப்பைக் கழுவிப் பஞ்சையும் கிளப்பிவிட்டது. அப்புறம் ஒழுகாமல் என்ன செய்யும்? காரம் பட்டால் தேக்கு கறுக்கவும் செய்யும். கறுப்பாக ஓடியது முழுக்க அழுக்கு அல்ல, அதில் மரமும் இருந்தது.

மூன்றாவது, கம்பி பிரஷ். மரத்தில் வருட வளையத்துக்குள்ளேயே மென்மையான பட்டையும் கடினமான பட்டையும் மாறி மாறி இருக்கின்றன. வரி ஓடும் திசையில் நெடுகத் தேய்த்தால் பிரஷின் மயிர் மென்மையான பட்டைக்குள் இறங்கி அதை மட்டும் தோண்டி எடுக்கும். கடினமானது மேடாக நிற்கும். அதனால்தான் தாத்தா 'குறுக்க தேய்' என்றார். கம்பியிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்குகள் மரத்தில் சிக்கி, உப்புக் காற்றில் துருப்பிடித்து, மரத்தில் உள்ள டானினோடு சேர்ந்து மையாக மாறின. அந்த மிளகுப் புள்ளிகள் அவைதான். தேக்கின் பக்கத்தில் இரும்புக் கம்பியோ ஸ்டீல் உல்லோ கொண்டு போகவே கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

நான்காவதுதான் பெரிய குற்றம், சாண்டர். கணக்கு போட்டே காட்டுகிறேன். அந்தப் பலகையின் கனம் 19 மில்லி. ஆனால் 19-உம் நமக்கு உபயோகம் இல்லை. பலகையை அடியில் பிடித்திருக்கும் திருகாணியின் தலை, புதிதில் மேற்பரப்பிலிருந்து 8 மில்லி ஆழத்தில் இருந்தது. அதற்கு மேல் வட்டமான மரத்தக்கை வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த 8 மில்லிதான் மேல்தட்டின் ஆயுள். அது தேய்ந்தால் தக்கை கழன்றுவிடும், திருகாணி வழியாகத் தண்ணீர் இறங்கும். நான் தொடுவதற்கு முன்பு தாத்தா ஒரு தக்கையைக் கழற்றிப் பார்த்தபோது, என் வெர்னியரின் ஆழக் கம்பியை விட்டு அளந்தேன். 5 மில்லி இருந்தது. அத்தனை வருடம் எத்தனையோ கால்கள் நடந்தும், எத்தனையோ தடவை கழுவியும் தேய்ந்தது 3 மில்லிதான். சாண்டர் ஓட்டிய பிறகு அளந்தால், பல இடத்தில் 3 மில்லி. ஒரே மத்தியானத்தில் 2 மில்லி போய்விட்டது! மிச்சமிருந்த ஆயுளில் ஐந்தில் இரண்டு பங்கு. ஏற்கெனவே அதிகம் தேய்ந்திருந்த நடைபாதைப் பக்கத்தில் ஏழு தக்கைகள் வில்லை போலக் கழன்று கையோடு வந்தன.

லேத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். ஜாபில் அளவு கூடுதலாக இருந்தால் இன்னொரு கட் எடுத்துக்கொள்ளலாம். குறைந்துவிட்டால்? மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

சரி, எப்படித்தான் செய்ய வேண்டும்? தாத்தா செய்ததைச் சொல்கிறேன். முதலில் உலர்ந்த துடைப்பத்தால் மணலைப் பெருக்கினார். மணலோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள். பிறகு கடல் தண்ணீரை ஊற்றி நனைத்தார். மிதமான சோப்புத் தண்ணீர், மெதுவான பிரஷ். சந்து பொந்துகளுக்குக் காய்ந்த பீர்க்கங்கூடு. எல்லாம் வரிக்குக் குறுக்கே, கையை அழுத்தாமல். கறைப் புள்ளிகளுக்கு மட்டும் ஆக்சாலிக் ஆசிட்டைத் தண்ணீரில் லேசாகக் கரைத்துத் துணியால் ஒற்றி, கொஞ்ச நேரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அது விஷம். கையுறை போடாமல் தொடாதீர்கள், பித்தளை, அலுமினியச் சாமான்கள் மேல் படவிடாதீர்கள். நான் கெடுத்த இடுக்குகளில் புதிதாகப் பஞ்சு வைத்துக் கலப்பத்து அடித்தார். கொட்டாப்புளிச் சத்தத்தை வைத்தே பஞ்சு எவ்வளவு இறங்கியது என்று சொல்லிவிடுகிறார். ஏழு தக்கைகளையும் தேக்கிலேயே வெட்டி, மேல்தட்டின் வரியோடு வரி சேரும்படி வைத்து ஒட்டினார்.

அப்புறம் எண்ணெய். மேல்தட்டுக்கு அவர் எண்ணெயே போடவில்லை! "மிதிக்கிற இடத்துக்கு எண்ணெய் எதுக்குல? வழுக்கும், தூசி பிடிக்கும், பூஞ்சைக்குச் சாப்பாடு. உப்புத் தண்ணி போதும்" என்றார். கைப்பிடிக்கும் கதவுக்கும் மட்டும்தான் எண்ணெய். மரம் இரண்டு மூன்று நாள் நன்றாக உலர்ந்த பிறகு, நிழலில், துணியால் மெல்லியதாக ஒரு கோட். கால் மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயை மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தார். மறுநாள் இன்னொரு கோட், மறுபடி துடைப்பு. நான் துடைக்காமல் விட்டதுதான் பிசினாகிவிட்டது.

இன்னொன்று: 'டீக் ஆயில்' தேக்கிலிருந்து எடுப்பது அல்ல. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயும் டர்பன்டைன் போன்ற கரைப்பானும் கலந்தது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் உலர்கிறது. அப்போது சூடு வெளியாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். நான் அன்று ஐந்து துணியை உருட்டிக் கேபினுக்குள் போட்டிருந்தேன். படகு எரியாமல் இருந்தது என் படிப்பால் அல்ல.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன்? பராமரிப்பு என்பதை நாம் படிக்காதவன் வேலை என்று நினைக்கிறோம். புதிதாகச் செய்வதுதான் இன்ஜினியரிங், துடைப்பதும் எண்ணெய் போடுவதும் எடுபிடி வேலை. இதுதான் நம் மனதில் இருக்கிறது. என் மனதில் இருந்தது. அந்த நினைப்பால்தான் தாத்தா சொன்ன நாலு வார்த்தை எனக்கு அலட்சியமாகப் பட்டது. அந்த நாலு வார்த்தைக்குள் வேதியியலும், பொருள் அறிவியலும், ஆயுள் கணக்கும் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஒரு கப்பலைச் சொல்கிறேன். நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் தேக்கில் கட்டி 1817-இல் கடலில் இறக்கிய போர்க்கப்பல். போர்க்கப்பல் வேலை முடிந்த பிறகு 1897-இல் வேறு பெயர் சூட்டி அதை வாங்கியவர், இளைஞர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை நம் வயதுப் பிள்ளைகள் அதில் பயிற்சி பெற்றார்கள். பின்பு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் 1990 தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் உழைத்து அதைச் சீர்செய்தார்கள். இன்றும் மிதக்கிறது. இருநூறு வருடம்! தேக்கின் பெருமை பாதி. மீதிப் பெருமை, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக்கொண்ட கைகளுக்கு.

'இந்தக் காலத்தில் யார் தேக்கில் படகு கட்டுகிறார்கள்? எல்லாம் ஃபைபர்தானே' என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. புதிதாகத் தேக்கு வெட்டிப் படகு கட்டுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. தேக்கு இயற்கைக் காடாக வளர்வது உலகத்திலேயே இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் என்ற நான்கே நாடுகளில். மியான்மர்கூட 2014-இல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஒரு நல்ல தேக்கு முதிர ஐம்பது அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால்தான் சொல்கிறேன்: ஏற்கெனவே வெட்டிய மரத்தையாவது வீணாக்காமல் வைத்துக்கொள்வோம். வளர அறுபது வருடம் ஆன ஒன்றை ஒரு மத்தியானத்தில் தூளாக்க எனக்கு உரிமை கிடையாது.

இப்போது நம் ஒர்க் ஷாப்புக்கு வருகிறேன். வடக்கு மூலையில் ஒரு பழைய லேத் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. நாம் சேர்ந்த நாள் முதல் அது அப்படித்தான் இருக்கிறது. அதன் மேல் பையை வைப்போம், டீ கிளாஸ் வைப்போம். அது ஏன் நின்றது என்று நம்மில் யாராவது கேட்டோமா? இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் பணம் கொடுத்து ஒரு மாடலை வாங்கிப் பெயின்ட் அடித்து வைக்கிறோம். வைவா முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது. நான் மேல்தட்டில் செய்ததும் இதுதான். போட்டோவுக்குப் பளபளப்பு.

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பராமரிப்பு நோட்டு. யார், எப்போது, என்ன செய்தார் என்று மாணவர்களே எழுத வேண்டும். இரண்டு, பழைய இயந்திரத்தைச் சீர் செய்வதையும் இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஏற்கும்படி துறைத்தலைவரிடம் மன்றம் பேச வேண்டும். மூன்று, வருடத்துக்கு இரண்டு தடவையாவது நம் ஊர் ஓடாவி, மெக்கானிக், ஃபிட்டர்களை அழைத்துப் பேச வைக்க வேண்டும். கோட்டு போட்டவர்தான் சிறப்பு விருந்தினர் என்று சட்டமா இருக்கிறது? அவர்களுக்குப் பிறகு இந்த அறிவை எந்தப் புத்தகத்தில் தேடுவோம்?

இந்த விடுமுறையிலும் அந்தப் படகுக்குப் போனேன். முதலாளி தாத்தாவைத்தான் மறுபடி கூப்பிட்டிருந்தார். தாத்தா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வேலை முழுக்க என்னுடையது. கடல் தண்ணீர், மெது பிரஷ், குறுக்கே. மேல்தட்டு மறுபடி சாம்பல் நிறமாகியிருந்தது. முடித்ததும் தாத்தா குனிந்து உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தார். நான் வெர்னியரை விட்டு அளந்தேன். மூன்று மில்லி, போன வருடம் இருந்தது போலவே. "பரவால்லல" என்றார். ஒரு வருடம் கழித்து வந்த மார்க் அது.

நண்பர்களே, அந்தப் பழைய லேத்தின் சாக்கை எடுத்துப் பார்க்க மாஸ்டரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை மத்தியானம் அங்கே நிற்பேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய துணி கொண்டுவாருங்கள். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம்.

– இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்